‘கேன், கேன்’ என்றார் அப்பா

கேள்வி:

எனக்கு வயது 36. கிராஞ்சியில் ஓர் உணவுக் கிடங்கில் வேலை. வீடு மார்சிலிங்கில். அப்பாவுக்கு 62 வயது, நிரந்தரவாசி. அம்மாவுக்கு 59. அம்மாவும் நானும் குடியுரிமை பெற்றவர்கள். அப்பா 1980களில் புக்கிட் தீமா குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1999ல் பந்தயத் திடல் கிராஞ்சிக்கு மாறியபோது குதிரைகளோடு அவரும் இங்கே வந்தார். 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடியும்வரை அந்த லாயம்தான் அவருக்கு எல்லாம். அடுத்த வருடமே பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் ஓரளவு திரும்பியிருக்கிறது.

மருத்துவமனைத் தாதி ஒருவர் சொல்லி எல்டர்ஷீல்டு என்ற உடற்குறைக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தோம். மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்த நாளில் எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. “குளிக்க முடியுமா அங்கிள்?” என்று கேட்டாராம். அப்பா “கேன்” என்றாராம். “சாப்பிட?” “கேன், கேன்.” அம்மா கூச்சப்பட்டுச் சமையலறையிலேயே நின்றுவிட்டார். ஆறு அன்றாடச் செயல்களில் இரண்டில்தான் குறை, அதனால் தகுதி இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. ஒரு பக்கமே விழுந்து, இனி வேலைக்கே போக முடியாத மனிதருக்குத் தகுதி இல்லை என்றால் வேறு யாருக்குத்தான் உண்டு? ஊரிலிருந்து சித்தப்பா, “இங்கே கூட்டி வா, 80 விழுக்காடு ஊனம் என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்கிறார். அது இங்கே செல்லுமா? அப்பாவை இப்போது புதிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதியில் சேர்க்க வழி உண்டா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தச் சித்தப்பாவின் மகன் கிராஞ்சியில் தங்குவிடுதியில் இருக்கிறான். சுங்கை காடுட்டில் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்யும்போது இயந்திரத்தில் இரண்டு விரல் போய்விட்டது. அவனுக்கும் இந்தக் காப்புறுதியில் ஏதாவது கிடைக்குமா?

– ஒரு வாசகி, கிராஞ்சி


பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா மறுபடியும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கவும் வேண்டும். ஒருமுறை இல்லை என்று வந்த கடிதத்தோடு கதவு மூடிவிடுவதில்லை. ஆனால் முதல் தடவை நடந்தது போலவே இரண்டாம் தடவையும் நடந்தால் அதே கடிதம்தான் வரும். அதனால் பணம் எவ்வளவு, எங்கே என்பதற்கு முன்னால், அந்த மதிப்பீட்டாளர் எதைப் பார்க்க வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவச் சமூக ஊழியராக வேலை பார்த்த காலமெல்லாம் நம் குடும்பங்கள் இந்த ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

“இனி வேலைக்கே போக முடியாத மனிதர்” என்று எழுதியிருக்கிறீர்கள். எல்டர்ஷீல்டும் சரி, கேர்ஷீல்டு லைஃபும் சரி, வேலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில், உடல்நிலையால் ஓராண்டுக்காவது உருப்படியாக வேலை செய்து சம்பாதிக்க முடியாது என்று காட்டவேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவர் குழு உடலைப் பரிசோதித்து இத்தனை விழுக்காடு என்று எழுதும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். சிங்கப்பூர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. இன்னொரு மனிதரின் கை இல்லாமல் அன்றாடம் எதையெல்லாம் இவரால் செய்ய முடியவில்லை என்று மட்டும் இங்கே பார்க்கிறார்கள். ஆகவே சித்தப்பாவின் அன்புக்கு நன்றி சொல்லிவிடுங்கள். அந்தச் சான்றிதழுக்காக அப்பாவை விமானத்தில் ஏற்ற வேண்டாம். 80 அல்ல, 100 விழுக்காடு என்று எழுதி வந்தாலும் இங்கே அதை வைத்து வழங்குதொகை வராது. நோயின் பெயருக்கும் அப்படித்தான். பக்கவாதம், நீரிழிவால் கால் எடுத்தது, பார்க்கின்சன், மறதிநோய் எதுவானாலும் பெயரைச் சொன்னதும் பணம் என்று கிடையாது.

அவர்கள் பார்க்கும் செயல்கள் ஆறு: குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போய் வருவது, வீட்டுக்குள் நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இவற்றில் மூன்றையாவது பிறர் உடலுதவி இல்லாமல் செய்யவே முடியாது என்றால் அது கடும் உடற்குறை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேதான் உங்கள் அப்பா நிற்கிறார்.

இனி உங்கள் வீட்டுக்குள் வருவோம். அப்பா “குளிக்க கேன்” என்றார். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் ஷவரைப் பிடித்துத் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்கிறார். அதைத்தான் அவர் குளிப்பது என்று நினைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் குளியலறையின் அந்தச் சின்னப் படியைத் தாண்டி அவரை உள்ளே கொண்டுபோய் உட்கார வைப்பது யார்? முதுகைத் தேய்ப்பது யார்? இடது கைக்குச் சோப்புப் போட வலது கை வராதே, அதைக் கழுவுவது யார்? முடிந்தபின் ஈரத் தரையில் வழுக்காமல் தூக்கி நிறுத்துவது யார்? குளிப்பது என்றால் உள்ளே போவது, உடம்பு முழுக்கக் கழுவுவது, வெளியே வருவது எல்லாமே சேர்ந்ததுதான். தலையில் தண்ணீர் விழுவது அதில் ஒரு பகுதி. அம்மா ஒவ்வொரு நாளும் அந்த ஈரத்தில் நின்று செய்வதெல்லாம் இந்தக் கணக்கில் சேரவேண்டும்.

உடுத்துவதும் அப்படியே. வீட்டில் கைலி கட்டியிருப்பார். ஒற்றைக் கையால் கைலியை இறுக்கி முடிய முடியாது. யாரோ கட்டி விடுகிறார்கள். சட்டையை விழுந்த கையில் முதலில் நுழைக்க வேண்டும், பிறகு பொத்தான். மருத்துவமனைக்குப் போகும் நாளில் கால்சட்டை, பெல்ட், காலணி. போடுவதும் கழற்றுவதும் மாட்டுவதும் அவிழ்ப்பதும் எல்லாமே உடுத்துவதில் அடக்கம். மதிப்பீட்டாளர் வரும்போது அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரி, திருநீறு பூசி உட்கார்ந்திருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் நாம் அப்படித்தான் செய்வோம். அந்தச் சட்டையைப் போட்டுவிட அம்மாவுக்கு எத்தனை நேரம் ஆனது என்பதை வந்தவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

உண்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சமைத்து, பிசைந்து, முன்னால் வைத்த பிறகு தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. இடது கையால் கரண்டி பிடித்துத் தானே சாப்பிடுகிறார் என்றால், இடது கையால் உண்பது மனத்துக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், அது முடிகிறது என்றுதான் எழுதப்படும். அதற்காக வாதாட வேண்டாம். அதேபோல் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து கூடத்துக்குத் தனியாக வருகிறார் என்றால் நடமாட்டம் இருக்கிறது என்றே கொள்வார்கள். கருவியின் துணையோடு தானே செய்வது செய்வதாகத்தான் கணக்கு. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே கூட வந்தால்தான் நடக்க முடியும் என்றால் அது வேறு.

கழிவறைதான் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத இடம். போவது, உட்காருவது, சுத்தம் செய்துகொள்வது, உடையைச் சரிசெய்வது. டயப்பர் என்றால் அதை அவரே மாற்றிக்கொள்கிறாரா, மற்றவர் மாற்றுகிறாரா? நாற்பது வருடம் குதிரை லாயத்தில் உழைத்த மனிதர், மகள் வயதுள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டால் “கேன்” என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அதை நாம் குறை சொல்லக்கூடாது. அதனால்தான் இந்தப் பதிலை அவர் வாயிலிருந்து வரவழைக்காமல் வேறு வழியில் கொண்டுபோக வேண்டும் என்கிறேன்.

இப்படிச் செய்யுங்கள். அடுத்த மதிப்பீட்டுக்கு முன்னால் ஒரு வாரம், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யார் எதற்கு அவரைத் தொட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோயைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். “காலை 6.30. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அம்மா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். முழுப் பாரமும் அம்மா மேல்.” இவ்வளவு போதும். இரவில் எழுவதையும் எழுதுங்கள். பகலில் நன்றாக இருக்கும் பலரால் இரவில் எழுந்து உட்காரவே முடியாது. நல்ல நாளையும் மோசமான நாளையும் அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீங்கள் கட்டாயம் விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு கூட இருங்கள். அப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு “அவரால் முடியாது” என்று சொல்ல வாய் வராவிட்டால், மதிப்பீட்டாளரிடம் தனியாகச் சில நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பராமரிப்பவர் பேசுவதைக் கேட்பதும் அவர் வேலையில் ஒரு பகுதிதான். “செய்து காட்டுங்கள் அங்கிள்” என்று அவர் கேட்டால், ஓடிப்போய்க் கை கொடுத்துவிடாதீர்கள். விழுந்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள், அவ்வளவுதான். அம்மாவின் கை பழக்கத்தில் தானாக நீளும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அப்பாவிடமும் முதல்நாளே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்வது சரியில்லை. “இது உங்கள் சந்தாப் பணம் அப்பா. லாயத்தில் வேலை செய்தபோது உங்கள் மெடிசேவ் கணக்கிலிருந்து வருடா வருடம் பிடித்தது. யாரிடமும் கையேந்தவில்லை” என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. தர்மம் என்று நினைத்தால் அவர் கடைசிவரை “கேன்” என்றுதான் சொல்வார்.

மதிப்பீட்டாளர்களின் பட்டியல் சுகாதார அமைச்சு அங்கீகரித்தது. நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தமிழ் தெரிந்தவர் இருந்தால் அவரையே கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஆங்கிலமும் மலாயும் அப்பாவுக்குக் கையிலிருந்து நழுவியிருக்கலாம், ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். விண்ணப்பம் ஏஐசி என்கிற ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் இணையச் சேவை வழியாக, சிங்பாஸ் கொண்டு. மதிப்பீட்டுக் கட்டணத்தை யார் கட்டுவது, தகுதி கிடைத்தால் திரும்பி வருமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 1800-650-6060 என்ற எண்ணில் கூப்பிட்டால் சொல்வார்கள். மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளர் அல்லது செயல்முறைச் சிகிச்சையாளர் எழுதிய அறிக்கைகள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

சரி, தகுதி வந்தால் என்ன கிடைக்கும்? எல்டர்ஷீல்டு 2002 செப்டம்பரில் தொடங்கியது. மெடிசேவ் கணக்குள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 40 வயதானதும் தானாகவே அதில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் அப்பா 2003 வாக்கில் சேர்ந்திருப்பார். அப்போதிருந்த திட்டத்தில் மாதம் 300 வெள்ளி, 60 மாதம். 2007 செப்டம்பரில் அது 400 வெள்ளி, 72 மாதம் என்று உயர்ந்தது. ஏற்கெனவே இருந்தவர்கள் கூடுதல் சந்தா கட்டி அதற்கு மாறிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா மாறினாரா என்பதை மத்திய சேமநிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் அவருடைய சிங்பாஸ் வழியாகப் பார்த்தால் தெரியும். மதிப்பீட்டுக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிடுங்கள். அந்நாளில் இன்னொரு பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வெளியேறியவர்களும் நம்மவரில் இருந்தார்கள். 2021 நவம்பரில் இந்தத் திட்டத்தை மூன்று தனியார் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து அரசாங்கமே எடுத்துக்கொண்டது. ஆனால் மெடிசேவில் கூடுதலாகப் பிடித்துச் சேர்ந்த துணைத் திட்டங்கள் இன்னும் அந்த நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன. அப்பாவின் பழைய காகிதங்களில் அவிவா என்ற பெயர் இருந்தால் அது இப்போது சிங்லைஃப். கிரேட் ஈஸ்டர்ன் அல்லது இன்கம் என்ற பெயரும் இருக்கலாம். சில துணைத் திட்டங்கள் மூன்று செயல்கள் வரை காத்திராமல் இரண்டிலேயே பணம் கொடுக்கும். அப்படி ஒன்று இருந்தால், உங்கள் கையில் இருக்கும் அந்த “இரண்டுதான்” கடிதமே போதுமானதாக இருக்கலாம்.

கேர்ஷீல்டு லைஃப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவுக்கு இப்போது அது கைகூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டிலும் அதற்கு முன்னும் பிறந்தவர்கள் 2021 நவம்பர் முதல் விருப்பப்பட்டுச் சேரலாம், ஆனால் சேரும்போது கடும் உடற்குறை இருக்கக்கூடாது. கடும் உடற்குறை என்று ஒரு பக்கம் விண்ணப்பித்துக்கொண்டு மறுபக்கம் இதில் சேர முடியாது. இது கசப்பான விஷயம்தான், ஏனென்றால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. கேர்ஷீல்டில் 2020ல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கி, ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறி, 2025ல் தகுதி பெற்றவருக்கு 662 வெள்ளி. 2026 முதல் 2030 வரை ஏற்றம் ஆண்டுக்கு 4 விழுக்காடு. மாதக் கணக்கும் கிடையாது. உடற்குறை இருக்கும்வரை, ஆயுள் முழுக்க வரும்.

நீங்கள் அதில் ஏற்கெனவே இருக்கிறீர்கள். 1980 முதல் 1990 வரை பிறந்த எல்லாரையும் 2020 அக்டோபர் 1ஆம் தேதியோ 30 வயது ஆகும்போதோ, எது பிந்தியதோ அப்போது, கட்டாயமாகச் சேர்த்துவிட்டார்கள். அம்மாதான் வெளியே நிற்கிறார். அவருக்கு 59 வயது. ஒரு ஆணின் முழுப் பாரத்தையும் நாள்தோறும் தூக்குகிறார். அவருடைய இடுப்பும் முழங்காலும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யாராவது கேட்டீர்களா? வீட்டில் பராமரிப்பவர் விழுந்தால் இரண்டு பேர் விழுந்த மாதிரி. இன்று அவர் நடமாடிக்கொண்டிருப்பதால் கேர்ஷீல்டில் சேரத் தகுதி இருக்கிறது. சந்தா இளையவர்களைவிடக் கூடுதலாக இருக்கும், ஆனால் முழுவதையும் மெடிசேவிலிருந்து கட்டலாம். அவர் கணக்கில் இல்லையென்றால் உங்கள் கணக்கிலிருந்து நீங்கள் கட்டலாம். வருமானம் குறைந்த, நடுத்தரக் குடும்பங்களுக்குச் சந்தாவில் மானியமும் உண்டு. சேர்வதா வேண்டாமா என்பது அம்மாவும் நீங்களும் கூடிப் பேச வேண்டியது. ஆனால் தொகையைக் கேட்டுப் பார்க்காமலே விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தொகையாக இருக்கக்கூடும். சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் டிபிஎஸ் என்பார்கள். மத்திய சேமநிதி உறுப்பினர்களுக்கு வேலையில் சேர்ந்த புதிதில் தானாகவே தொடங்கும், சேமநிதியிலிருந்தே சந்தா பிடிப்பார்கள். இறந்தால் மட்டும்தான் பணம் என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். முழு நிரந்தர உடற்குறைக்கும் அது உண்டு. அங்கே அளவுகோல் வேறு: இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலையைப் பார்ப்பார்கள். நீங்கள் “வேலைக்கே போக முடியாத மனிதர்” என்று எழுதிய அந்த வரிக்கு உரிய இடம் அதுதான். 2021 ஏப்ரல் முதல் இதன் காப்பு 65 வயதுவரை நீண்டிருக்கிறது. 60 வயதுக்குக் கீழே 70,000 வெள்ளி, 60க்கு மேல் 55,000 வெள்ளி. ஒரே தடவையாகத் தருவார்கள். அப்பாவுக்கு 62தானே. சந்தா விட்டுப்போகாமல் இருந்தால் அவர் இன்னும் அதன் நிழலில்தான் இருக்கிறார். இப்போது அதை நடத்துவது கிரேட் ஈஸ்டர்ன். இன்றே விசாரியுங்கள். மருத்துவர் நிரந்தரமானது என்று எழுதித் தர வேண்டியிருக்கும். பக்கவாதத்தில் மாதங்கள் போகப் போகத்தான் அதை உறுதியாகச் சொல்வார்கள் என்பதால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது படிவத்தைக் கையில் கொண்டுபோங்கள்.

அப்பா மூன்று செயல்களைத் தொடாமலே போனாலும் வேறு கைப்பிடிகள் இருக்கின்றன. வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு அளவுகோல் சற்றே இளகியது. ஒவ்வொரு செயலிலும் தொடக்கம் முதல் கடைசிவரை உதவி வேண்டும் என்று இல்லை. மூன்று செயல்களில் எப்போதும் ஓரளவு உதவி தேவை என்றால் போதும். நிரந்தரவாசியானாலும் மனைவியோ பிள்ளையோ குடிமகனாக இருந்தால் விண்ணப்பிக்கலாம், உங்கள் வீட்டில் அது சரியாக இருக்கிறது. குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுத்துப் பார்த்துத் தருவார்கள். 2023 மார்ச்சில் அதிகபட்சம் மாதம் 400 வெள்ளியாக இருந்தது; 2026 ஏப்ரலிலிருந்து 600 வெள்ளி. பணிப்பெண் வைப்பதாக இருந்தால் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளியாகக் குறையும் சலுகைக்கு ஆறில் ஒரு செயலில் உதவி வேண்டியிருந்தாலே விண்ணப்பிக்கலாம். அப்பா கடும் உடற்குறை என்று தீர்மானமானால் மெடிசேவ் கேர் வழியாக அவர் கணக்கிலிருந்தோ அம்மா கணக்கிலிருந்தோ மாதம் 200 வெள்ளிவரை ரொக்கமாக எடுக்கலாம். கணக்கில் குறைந்தது 5,000 வெள்ளி மிஞ்சியிருக்க வேண்டும், இருப்பைப் பொறுத்துத் தொகை மாறும். எல்டர்ஃபண்டு என்ற உதவிநிதி குடிமக்களுக்கு மட்டும்தான், அப்பாவுக்குப் பொருந்தாது. அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இனி உங்கள் தம்பி. அவன் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவன் என்பதால் மேலே சொன்ன எதுவும் அவனுக்குக் கிடையாது. கேர்ஷீல்டும் எல்டர்ஷீல்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை. ஆனால் அவன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் அவனைக் காக்கிறது. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லா ஊழியருக்கும், சம்பளம் எவ்வளவானாலும், முதலாளி அந்தக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். இயந்திரத்தில் கை வைத்தது யார் தவறு என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. வேலை செய்யும்போது நடந்த விபத்து என்பது போதும்.

அவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: மனிதவள அமைச்சிடம் விபத்தைப் பற்றி முதலாளி தெரிவித்துவிட்டாரா? ஒரு நாள் மருத்துவ விடுப்புக் கொடுத்தாலே தெரிவிக்க வேண்டும் என்பது 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதி. இல்லையென்றால் அவனே அமைச்சிடம் நேராகப் போகலாம். மருத்துவச் செலவு முதலாளியுடையது. விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் உண்டு: வெளிநோயாளி என்றால் முதல் 14 நாள், மருத்துவமனை விடுப்பு என்றால் 60 நாள் முழுச் சம்பளம், அதற்குப் பிறகு விபத்து நடந்து ஓராண்டுவரை மூன்றில் இரண்டு பங்கு. காயம் ஆறியபின் மருத்துவர் எத்தனை விழுக்காடு நிரந்தர இழப்பு என்று எழுதுவார். ஊரில் சித்தப்பா சொன்ன விழுக்காட்டுக் கணக்கு இங்கே இந்தச் சட்டத்தில்தான் வருகிறது. எந்த விரல், எந்த முட்டிவரை போனது என்பதற்கேற்ப அது மாறும். முழு நிரந்தர இழப்புக்கு உச்சவரம்பு 2025 நவம்பர் முதல் நடந்த விபத்துகளுக்கு 346,000 வெள்ளி. விரல்களுக்கு அவன் வயதையும் சராசரிச் சம்பளத்தையும் விழுக்காட்டையும் வைத்து அதில் ஒரு பகுதி வரும். சராசரிச் சம்பளத்தில் ஓவர்டைமும் சேரும். அதனால் சம்பளச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் கைப்பேசியில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டுக் கடிதம் வந்ததும் அதில் உடன்பாடு இல்லையென்றால் 14 நாளுக்குள் ஆட்சேபிக்க வேண்டும். அந்த நாட்களில்தான் “கையெழுத்துப் போடு, ஊருக்கு அனுப்பிவிடுகிறோம், பணம் பிறகு வரும்” என்ற பேச்சு காதில் விழும். எழுத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தில் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு திட்டம் என்ற பெயரில், இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு 2008 முதல் இலவச உணவு கொடுத்துவரும் டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ அமைப்பினரும் இத்தகைய வழக்குகளை நன்றாக அறிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி எப்படியும் தேக்காவுக்கு வருவான் அல்லவா, நீங்களும் ஒரு தடவை கூடப் போய் வாருங்கள். தனியாகப் போனால் தயங்கித் திரும்பிவிடுவான்.

விபத்து எந்தத் தேதியில் நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீட்டுக் கோரிக்கை பதிவாகியிருக்க வேண்டும். அப்பாவின் மறுமதிப்பீடு ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இன்றிரவே தம்பியைக் கூப்பிட்டு அந்தத் தேதியை முதலில் கேளுங்கள்.